எலும்புகள் அளித்த சாட்சியம்

1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியின் மரபில் உடற்கூறியல் அடிப்படைப் பாடமாக நிலைபெற்றபோதும், அறுத்துக் கற்பதற்கு உடல்கள் கிடைப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. உரிமை கோருவோர் இல்லாத உடல்களைக் கற்பித்தலுக்கு ஒப்படைக்க 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் வழிவகுத்தது. உற்றார் எவருமின்றி இறந்த ஏழைகளே இக்கல்விக்கு முதல் ஆசான்களாக அமைந்தனர் என்பதைப் பாடநூல்கள் போதிய நன்றியுடன் பதிவு செய்யவில்லை.

இந்த உடற்கூறியல் அறிவின் துணையோடு, எலும்பு, பல் முதலியவற்றைக் கொண்டு இறந்தவரின் வயதையும் பாலினத்தையும் அடையாளத்தையும் கணிக்கும் தடய மானிடவியலின் ஆற்றலைத் தமிழ்நாட்டு மக்கள் பரவலாக உணர்ந்தது 1952இன் ஆளவந்தார் கொலை வழக்கில்தான். தலையற்ற உடல் தொடர்வண்டிப் பெட்டியொன்றில் மானாமதுரையிலும், தலை இராயபுரம் கடற்கரையிலும் கிடைக்க, அவ்விரண்டும் ஒருவருடையவையே என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவ வல்லுநர்கள் நிறுவினர். உடலின் கைரேகை, கொலையுண்ட ஆளவந்தார் முன்பு பணியாற்றிய இராணுவத்தின் பதிவேட்டோடு ஒத்துப்போனது அம்முடிவுக்கு வலுச்சேர்த்தது.

அவ்வழக்கிற்கு முன்பே ஆதிச்சநல்லூரின் பண்டைய ஈமத்தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை அளந்து உடற்கூறியலாளர் சக்கர்மன் எழுதிய ஆய்வைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டிருந்தது. தடய மானிடவியலுக்கும் இவ்வாய்வுக்கும் எலும்பை அளக்கும் முறை ஒன்றே, வினா மட்டுமே வேறு. சென்னையில் நெடுங்காலம் முன்பே வேரூன்றிய உடற்கூறியல் கல்வி எங்கும் எட்டிவிடவில்லை; அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஆலத்தியூர் போன்ற ஊர்களின் மாணவர்க்கு, 2022 சனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின்னரே உடற்கூறியல் கூடம் சொந்த மாவட்டத்தில் வாய்த்தது.