ஒலியின் வேகம்

ஒலியின் வேகம் என்பது ஓர் ஊடகத்தின் வழியே ஒலியலை ஒரு விநாடியில் கடக்கும் தொலைவு. 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலர்ந்த காற்றில் அது 343 மீட்டர். பாடப்புத்தகத்தில் படித்து மனத்தில் நிற்பது இந்த ஒற்றை எண்தான். ஆனால் ஒலிக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான வேகம் கிடையாது. சித்திரை வெயிலில் 38 பாகையில் காயும் போடிநாயக்கனூரில் அது விநாடிக்குச் சுமார் 354 மீட்டர் ஓடும். அங்கிருந்து போடிமெட்டு ஏறி, தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தை மாத உறைபனி விழுந்த விடியலில் அளந்தால் 331 மீட்டர்தான். இத்தனைக்கும் இரண்டு ஊர்களும் ஒரே மலையின் அடியும் முடியும். ஒலியின் வேகம் ஏன் ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறுகிறது என்பதை மனிதர்கள் கண்டுகொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றில் சென்னைக்கு ஒரு நல்ல பங்கு உண்டு.

ஒலி பிறக்கும் விதத்தைத் தமிழ் மரபு மிகப் பழைய காலத்திலேயே கூர்ந்து கவனித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நாவும் பல்லும் இதழும் மூக்கும் அண்ணமும் கூடி எழுத்தொலி ஆவதைச் சொல்கிறது. பேச்சுறுப்புகளைப் பற்றிய அந்தக் கவனிப்பு இன்றைய ஒலியியலாரும் மதிப்பது. வாயை விட்டு வெளியேறிய ஒலி எவ்வளவு விரைவில் அடுத்தவர் காதுக்குப் போகிறது என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு விடை காண வெடிமருந்தும் நல்ல கடிகாரமும் வேண்டியிருந்தன.

வெடிமருந்து எதற்கு என்பதை இடி மின்னலைப் பார்த்த எவரும் சொல்லிவிடலாம். வெளிச்சம் உடனே தெரிகிறது; சத்தம் பிந்தி வருகிறது. தொலைவில் ஒரு பீரங்கியைச் சுடச் செய்து, பளிச்சென்ற ஒளிக்கும் ‘டும்’ என்ற சத்தத்துக்கும் இடையிலான நேரத்தை அளந்து, அந்த நேரத்தால் தொலைவை வகுத்தால் வேகம் கிடைக்கும். பிரான்சில் மெர்சென்னும் கசென்டியும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்படித்தான் அளந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த எண்கள் உண்மையைவிட மிக அதிகம். ஆனால் பீரங்கிச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் ஒரே வேகத்தில் வருகின்றன என்று கசென்டி காட்டியது இன்றும் நிற்கிறது. உரத்த குரலும் மெல்லிய குரலும், வீட்டுப் பெண்ணின் கீச்சுக் குரலும் கங்காணியின் கட்டைக் குரலும் காற்றில் சமமாகவே ஓடுகின்றன.

நியூட்டன் இரண்டு வழிகளில் முயன்றார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் நெவில் முற்றத்தில், நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைச் சிறு ஊசலின் ஆட்டத்தோடு ஒப்பிட்டார். ஊசலின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும், எதிரொலி எந்த ஆட்டத்துக்கு முந்துகிறது, எதற்குப் பிந்துகிறது என்று பார்த்தார். விநாடி முள் இல்லாத காலத்தில் ஊசல்தான் விநாடி முள். இன்னொரு வழி தாளில் போட்ட கணக்கு. காற்று அமுங்கி விரியும் தன்மையையும் அதன் அடர்த்தியையும் வைத்து அவர் வருவித்த வேகம் விநாடிக்கு 979 அடி. 1709இல் இங்கிலாந்தில் வில்லியம் டெர்ஹாம் துப்பாக்கி வெடிகளை வைத்து அளந்து சொன்னதோ 1,142 அடி. மாபெரும் மேதையின் கணக்கு ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தவறியது. காற்றில் மிதக்கும் துகள்களையும் நீராவியையும் காரணம் காட்டி நியூட்டன் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்த்தார், அது ஒட்டவில்லை.

எங்கே தவறியது என்பதைப் புரிந்துகொள்ள ஒலியலையை நெருங்கிப் பார்க்க வேண்டும். பேருந்தில் ஏற நெருக்கியடித்து நிற்கும் வரிசையில் கடைசி ஆள் முன்னால் இருப்பவரை இடித்தால், இடி ஆளுக்கு ஆள் மாறி வாசற்படி வரை போய்விடும். ஆள்கள் தம் இடத்தில் ஓரடி முன்னும் பின்னும் ஆடியதோடு சரி, பயணப்பட்டது இடிதான். காற்றிலும் இதுவே நடக்கிறது. ஓரிடத்தில் காற்று நெருங்குகிறது, அடுத்த இடத்தில் தளர்கிறது, அந்த நெருக்கமும் தளர்ச்சியும் முன்னேறுகின்றன. நெருங்கும் காற்று சூடாகும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்துப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தச் சூடு வெளியே கசிந்துபோக நேரம் இருக்கிறது என்று கொண்டது நியூட்டனின் கணக்கு. நேரம் இல்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் அதிர்வில் சூடு உள்ளேயே தங்கி, காற்றை இன்னும் விறைப்பாக்கி, அலையை விரைவாகத் தள்ளுகிறது. 1816இல் லாப்லாஸ் இதைச் சேர்த்துத் திருத்தியபோது கணக்கும் அளவையும் ஒன்றையொன்று தொட்டன.

சூட்டின் பங்கு இன்னொரு திசையிலிருந்தும் முன்பே தெரியவந்திருந்தது. 1740இல் இத்தாலியில் பியான்கோனி, ஒரே தொலைவை ஒலி குளிர்காலத்தைவிடக் கோடையில் விரைவாகக் கடக்கிறது என்று காட்டினார். அதே காலத்தில் தென்னமெரிக்காவில் பூமியின் வடிவத்தை அளக்கப் போயிருந்த லா கொண்டமின், ஆண்டிஸ் மலைமேல் உள்ள கீட்டோவில் விநாடிக்குச் சுமார் 339 மீட்டரும், கடலோரக் கயேனில் சுமார் 357 மீட்டரும் கண்டார். மலைமேல் காற்று மெலிந்திருப்பதால்தான் ஒலி தளர்கிறது என்று தோன்றும். பலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகின்றன. மிஞ்சி நிற்பது வெப்பநிலை மட்டும். ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் விநாடிக்கு 0.6 மீட்டர் குறையும். தேவிகுளத்தில் ஒலி மெதுவாக ஓடக் காரணம் குளிர், உயரம் அல்ல.

இனிச் சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வு நிலையம் கட்டியது. கருங்கல்லில் நிறுத்திய அதன் கருவித் தூணில் தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறித்தார்கள். அந்தத் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்காம், 1820–21இல் ஒலியின் வேகத்தை அளக்க முனைந்தார். அவருக்குப் பீரங்கிகளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தென்மேற்கே பரங்கிமலையிலும் கிழக்கே புனித ஜார்ஜ் கோட்டையிலும் காலையும் மாலையும் பீரங்கி சுடுவது பட்டாளத்து வழக்கம். பரங்கிமலை நிலையத்திலிருந்து 29,547 அடி. கோட்டை 14,000 அடிக்குச் சற்றுக் குறைவு.

அந்தக் காட்சியைச் சற்று மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். நடுவில் உயர்ந்த கட்டடம் ஒன்றுமில்லை. இன்று தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஏரி, அதற்கப்பால் அடையாறு. நுங்கம்பாக்கத்தில் ஆட்கள் கையில் குரோனோமீட்டரோடு மலைப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள். மலையில் ஒரு பொறி தெரிகிறது. அந்தக் கணத்திலிருந்து கடிகாரத்தின் ‘டிக்’ ஒலிகளை எண்ணத் தொடங்குகிறார்கள். பத்து விநாடி, இருபது விநாடி போகிறது. ஏறக்குறைய இருபத்தாறாவது விநாடியில்தான் வெடிச்சத்தம் ஏரியைக் கடந்து வந்து சேர்கிறது. கோட்டைப் பீரங்கி என்றால் பன்னிரண்டு விநாடி. காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாவற்றையும் கூடவே குறித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் இரு நாள் வேலையல்ல, மாதக்கணக்கில் நடந்தது. 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் முடிவுகள் வெளியாயின.

அந்த மாதவாரி அட்டவணைதான் இந்த ஆய்வின் உயிர் என்பது என் எண்ணம். ஜனவரியில் வேகம் 1,100 அடியை ஒட்டியிருந்தது. வெயில் ஏற ஏறக் கூடி, ஜூலையில் 1,160 அடியைத் தாண்டியது. மறுபடி மழைக்காலத்தோடு இறங்கியது. ஒரே ஊரில், ஒரே பீரங்கியை வைத்து, ஆண்டு முழுவதும் ஒலியின் வேகம் ஏறி இறங்குவதை வரிசையாகக் காட்டிய அளவை அது. எண்களை இன்றைய அறிவோடு வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். சென்னையின் ஜனவரிக்கும் ஜூலைக்கும் வெப்பநிலை வேறுபாடு ஐந்தாறு பாகைதான். அதற்குப் பன்னிரண்டு அடி அளவுக்கே வேறுபாடு வரவேண்டும். ஈரப்பதத்துக்கு இன்னும் சில அடிகள் சேர்க்கலாம். அறுபது அடி வராது. ஒலி காற்றோடு போனால் முந்தும், எதிர்த்துப் போனால் பிந்தும். ஜூலையில் வீசுவது தென்மேற்குக் காற்று. அது பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கத்தை நோக்கி வருவது. ஜனவரியில் வீசும் வடகிழக்குக் காற்று அதே சத்தத்தை எதிர்த்துத் தள்ளுவது. அட்டவணையில் பருவக்காற்றும் பதிவாகியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். 1822இல் பாரிசுக்கு அருகே அராகோவும் கே-லுசாக்கும் ஹம்போல்ட்டும் அளந்தபோது இரு முனைகளிலிருந்தும் மாறி மாறிச் சுட்டது இதற்காகத்தான். இரண்டு திசை நேரங்களையும் சராசரி கண்டால் காற்றின் கைவரிசை கழிந்துவிடும்.

கோல்டிங்காம் அதே ஆண்டுகளில் ஊசலையும் அளந்தார். கேட்டர் என்பவர் வடிவமைத்த வகை ஊசலைக் கொண்டு, விநாடிக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசல் சென்னையில் சுமார் 39.03 அங்குலம் இருக்க வேண்டும் என்று கண்டார். லண்டனில் அது 39.14 அங்குலம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமியின் ஈர்ப்பு சற்றுத் தளர்வதே காரணம். நியூட்டன் எதிரொலியை ஊசலால் அளந்ததை நினைத்தால், ஒலியையும் ஊசலையும் ஒரே மனிதர் ஒரே முற்றத்தில் அளந்தது பொருத்தமாகவே படுகிறது.

எதிரொலியை வைத்து அளக்க இன்று சிறந்த இடம் தேவிகுளம் வட்டத்திலேயே இருக்கிறது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில், மாட்டுப்பட்டிக்கும் குண்டளைக்கும் நடுவில், நீர்த்தேக்கக் கரையில் உள்ள எக்கோ பாயிண்ட். வருகிறவர்கள் எல்லாரும் பேரைச் சொல்லிக் கூவுகிறார்கள். அக்கரைச் சரிவு திருப்பிக் கூப்பிடுகிறது. அளக்க விரும்புகிறவர் கூவக்கூடாது, கைதட்ட வேண்டும். நீட்டி முழக்கும் குரலின் வால் எதிரொலியின் தலையை மூடிவிடும். தட்டு சுருக்கமானது, கூர்மையானது. ஒரு தட்டு, அதன் எதிரொலி, எதிரொலி கேட்ட அதே கணம் மறுதட்டு என்று தாளம் பிடித்துவிட்டால், இருபது தட்டுகளுக்கான நேரத்தைக் கைப்பேசியில் பார்த்து இருபதால் வகுத்துவிடலாம். தட்டுக்குத் தட்டு ஒரு விநாடி என்றால், ஒலி போய்த் திரும்பிய தொலைவு 340 மீட்டர். அக்கரை 170 மீட்டரில் இருக்கிறது. தொலைவு முன்பே தெரிந்தால் இதைத் திருப்பிப்போட்டு வேகத்தைக் காணலாம்.

அதே கரையில் விடியலிலும் உச்சிப்பொழுதிலும் நின்று பார்த்தால் இன்னொன்று புலப்படும். காலையில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேற்காற்று சற்றே வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஒலியலையின் மேற்பகுதி விரைந்து, கீழ்ப்பகுதி தயங்க, அலை தரையை நோக்கி வளைகிறது. தூரத்து ஃபாக்டரி சங்கும், அடுத்த எஸ்டேட் லயத்தில் நாய் குரைப்பதும் பக்கத்தில் கேட்பது போலக் கேட்பது அதனால்தான். பகலில் தரை சூடேறியதும் வளைவு தலைகீழாகி, ஒலி வானத்தை நோக்கிப் போய்விடுகிறது.

யானைகளுக்கும் இந்த வளைவு உதவுகிறது. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக்காட்சி சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன், காதுக்கு எட்டாத ஒரு துடிப்பை உடம்பில் உணர்ந்தார். ஒலிப்பதிவை வேகமாக ஓட்டிப் பார்த்ததில், அவை விநாடிக்கு இருபது அதிர்வுகளை ஒட்டிய தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது வெளிப்பட்டது. 17 அதிர்வு என்றால் ஓர் அலையின் நீளம் 20 மீட்டர். மரங்களும் புதர்களும் அத்தனை நீண்ட அலையைத் தடுப்பதில்லை. பொழுது சாய்ந்து தரைக்காற்று குளிர்ந்த பிறகு இக்குரல் எட்டும் பரப்பு பன்மடங்கு விரிகிறது என்று ஆப்பிரிக்கச் சமவெளி ஆய்வுகள் காட்டின. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கத்துச் சரிவுகளில் அந்தியில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை அழைத்தாலும், சாலையில் நிற்கும் நமக்கு நிசப்தமாகத்தான் இருக்கும்.

நீரிலும் திடப்பொருளிலும் ஒலி இன்னும் விரைவு. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலாடன் நீருக்கடியில் மணியடித்து, அதே நொடியில் வெடிமருந்தைக் கொளுத்தி விநாடிக்கு 1,435 மீட்டர் என்று கண்டார். 1930களில் பெங்களூரில் சி. வி. ராமனும் நாகேந்திர நாத்தும், திரவத்தில் பாயும் மீயொலி ஒளியைச் சிதறடிக்கும் விதத்தை விளக்கினார்கள். பீரங்கியும் ஏரியும் இல்லாமல், ஒரு சிறு கண்ணாடித் தொட்டிக்குள் ஒலியின் வேகத்தை அளக்க இந்த விளைவு உதவுகிறது. சூரியனுக்குள்ளும் ஒலி ஓடுகிறது. நுங்கம்பாக்கத்து வானியல் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மலையேறியது. டாப் ஸ்டேஷனுக்குக் கிழக்கே நீளும் அதே மலைத்தொடர் அது. அங்கே நாளும் படமெடுக்கப்பட்டு வரும் சூரியனே ஓயாமல் அதிரும் ஓர் ஒலிப்பெட்டி என்பது 1960களில் தெரியவந்தது. அந்த அதிர்வுகளிலிருந்து சூரியனின் மையத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் ஓடுவதாகக் கணித்திருக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க ஒலி விரையும் என்ற பியான்கோனியின் விதிதான் அங்கேயும்.

பள்ளி ஆய்வகத்தில் இதே அளவையை ஒத்ததிர்வுத் தம்பக் கருவி செய்கிறது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, நீர் நிரம்பிய குழாயின் வாயில் பிடித்து, நீர்மட்டத்தை மெல்ல இறக்கினால் ஓரிடத்தில் குழாய் ‘ஊம்’ என்று முழங்கும். இன்னும் இறக்கினால் மறுபடி முழங்கும். இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள நீளத்தை இரட்டித்து, 512ஆல் பெருக்கினால் வேகம். 35 பாகை வெயிலில் தேனி மாணவர் இந்த நீளத்தை 34.4 சென்டிமீட்டர் என்று குறிப்பார். அதே இசைக்கவையை வைத்து, 12 பாகைக் குளிரில் தேவிகுளம் மாணவி 33.1 என்று குறிப்பார். 1.3 சென்டிமீட்டர் வேறுபாட்டைப் பார்த்துவிட்டு அவர் ரீடிங்கை அழித்துத் திருத்தவேண்டாம். பக்கத்தில் அன்றைய வெப்பநிலையை எழுதிவைத்தால் போதும்.