மலிவுப் பூச்சின் விலை: ஜார்ஜ் டவுனில் முகத்தை மென்மையாக்கிய மூன்று பொருள்கள்

முகத்தில் வண்ணப்பூச்சு இடுவதற்கு முன் தோலின் துளைகளையும் மெல்லிய சுருக்கங்களையும் நிரவி, மேலே வரும் பூச்சு படிவதற்கு இடம் கொடுக்கும் அடிப்பூச்சை இன்றைய அழகுப்பொருள் கடைகள் பிரைமர் என்ற பெயரில் விற்கின்றன. சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன் பட்டி பார்ப்பதைப் போன்ற வேலைதான் அது. இந்தப் பெயர் புதியதாயினும் அந்த வேலை பழையது. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் அதனை முதலில் அரிசியும், பின்னர் ஸ்னோ எனப்படும் வெண்களிம்பும், இறுதியாக சிலிக்கோனும் செய்து வந்துள்ளன. மூன்றும் அவற்றின் காலத்தில் மலிவானவை என்றே கருதப்பட்டன. ஆனால் அவற்றுக்கு மக்கள் கொடுத்த விலை எப்போதும் பணமாகவே இருந்ததில்லை என்பதையும், உழைப்பு வீட்டைவிட்டு ஆலைக்குப் பெயர்ந்தபோது அந்த விலையின் வடிவமும் மாறியது என்பதையும் இந்நகரத்தின் வரலாறு காட்டுகிறது.

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கும்பினிக்காகப் பினாங்கைக் கைக்கொண்டு, அதனைச் சுங்கவரியற்ற துறைமுகமாக அமைத்தபின், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர்களும், தென்சீனத்திலிருந்து ஹொக்கியன் மக்களும், சுற்றியிருந்த பகுதிகளிலிருந்து மலாய் மக்களும் அங்கு வந்து குடியேறினர். தீவில் பெருகிய மக்களுக்கு உணவு தேவைப்பட்டதும், 1800இல் எதிர்க்கரையிலுள்ள நிலப்பகுதியைக் கடா சுல்தானிடமிருந்து கும்பினி பெற்றதற்கு ஒரு காரணமாக அமைந்தது. வெல்லெஸ்லி மாநிலம் என்று அப்போது பெயரிடப்பட்ட அப்பகுதி, இன்று செபராங் பிறை என்று அழைக்கப்படுகிறது. அந்த வயல்களின் நெல்லோடு சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியும் சேர்ந்ததால், சோற்றுக்கு அடுத்தபடியாக அரிசியில் செய்யக்கூடிய பொருள்கள் யாவும் எளியவர் வீட்டிலும் கிடைத்தன.

அவற்றுள் ஒன்று பெடாக் செஜுக் எனப்படும் குளிர்ச்சிப் பூச்சுமாவு; மலாய் மொழியில் பெடாக் என்பது முகமாவையும், செஜுக் என்பது குளிர்ச்சியையும் குறிக்கும். பச்சரிசியை அல்லது நொய்யைப் பல வாரங்கள், சில வீடுகளில் மாதக்கணக்கில், தண்ணீரில் ஊறவைத்து, புளித்து எழும் நாற்றம் தணியும்வரை தண்ணீரை அடிக்கடி மாற்றி, மெத்தென்று நொதித்த அரிசியை நைய அரைத்து, துணியில் வடித்து, அடியில் தங்கும் வெண்கூழைச் சொட்டுச் சொட்டாக முறத்தில் இட்டு வெயிலில் காயவைப்பார்கள். பாண்டான் இலையும் மல்லிகை, ரோஜா போன்ற பூக்களும் அதற்கு மணமூட்டின. காய்ந்த சொட்டுகளைத் தேவைப்படும்போது தண்ணீரிலோ பன்னீரிலோ குழைத்து முகத்திலும் கழுத்திலும் பூசினர். சீனக் குடியேறிகளும் உள்ளூர்ப் பெண்களும் மணந்ததால் உருவான பெரானாக்கான் சமூகத்துப் பெண்களாகிய நோன்யாக்களும், மலாய்ப் பெண்களும், தமிழ் முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த ஜாவிப் பெரானாக்கான் குடும்பத்தினரும் இதனை வீட்டில் புழங்கும் பொருளாகவே கொண்டிருந்தனர். வேர்க்குருவின் எரிச்சல் தணியவும் முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கவும் ஒரே மாவு பயன்பட்டது.

இந்த அறிவு அரிசி உண்ணும் ஆசிய நாடுகளில் மிகப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் ஜியா ஸிஸியே என்பவர் எழுதிய ச்சீமின் யாவ்ஷு என்னும் சீன வேளாண் நூல், அரிசியைக் கெட்ட நாற்றம் எழும்வரை ஊறவைத்து அரைத்துத் தெளியவைக்கும் முறையையும், அதில் படியும் மாவின் நடுப்பகுதியே மிக வழுவழுப்பானது என்பதையும் விளக்குகிறது. இவ்வாறு ஊறவைத்தலால் அரிசியிலுள்ள புரதம் கரைந்து நீங்கி, மாவுச்சத்து மணிகள் ஒன்றிலிருந்தொன்று பிரிகின்றன. அரிசி மாவுமணியின் அளவு ஏறத்தாழ 3 முதல் 8 மைக்ரோமீட்டர் மட்டுமே; ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உருளைக்கிழங்கின் மாவுமணி 100 மைக்ரோமீட்டர் வரையும் வளரக்கூடியது என்பதை நோக்கினால், அரிசிமாவு விரலுக்குப் பட்டுப்போல் படுவதன் காரணம் விளங்கும். தோலின் எண்ணெயை உறிஞ்சுவதும், மேல்விழும் ஒளியைப் பல திசைகளில் சிதறடித்துத் துளைகளின் நிழலை மங்கச் செய்வதும் அதன் பணிகள். ஆயினும் வியர்வை பெருகினால் அது திட்டுத்திட்டாகிவிடும். கருத்த தோலில் வெள்ளையாகத் தெரியும். எனவே அது வெளியில் செல்லும்போது இடும் ஒப்பனையைவிட வீட்டிலிருக்கும் நேரத்துக்கும் இரவுக்கும் உரிய பூச்சாகவே பெரிதும் நிலைத்தது.

இரண்டாவது பொருள் கப்பலில் வந்தது. லண்டனைச் சேர்ந்த பரோஸ் வெல்கம் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட ஹேஸ்லின் ஸ்னோ, தேய்த்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவதால் மறையும் களிம்பு என்ற வகையைச் சேர்ந்தது. கொழுப்பிலிருந்து பெறப்படும் ஸ்டீரிக் அமிலத்தின் ஒரு பகுதியைக் காரத்தோடு சேர்த்துச் சவர்க்காரமாக்கி, எஞ்சியதைத் தண்ணீரில் நுண்துகள்களாகக் கலந்தால் பனிபோன்ற வெண்களிம்பு கிடைக்கும். தண்ணீர் ஆவியானதும் மெல்லிய, பளபளப்பற்ற ஏடு தோலில் தங்கி, அதன்மேல் இடும் பவுடரைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பூச்சும் மேற்பூச்சும் தனித்தனியே கடையில் வாங்கப்படும் பழக்கம் இங்குதான் வேரூன்றியது. அமெரிக்காவின் பாண்ட்ஸ் களிம்பும், 1919இல் பம்பாயில் பட்டன்வாலா தொடங்கிய ஆப்கன் ஸ்னோவும் அதே வகையின. தமிழர் பேச்சில் ஸ்னோவும் பவுடரும் இணைபிரியாத ஒரு தொடராகவே ஆகிவிட்டன.

சுங்கவரி இல்லாத துறைமுகத்தில் இறக்குமதிப் பொருளின் விலை ஏறாமல் இருந்ததால், ஸ்னோ சீமாட்டிகளின் மேசையோடு நிற்கவில்லை. தமிழர் கடைத்தெரு என்று வழங்கும் மார்க்கெட் தெருவிலும், 1890இல் எழுந்த சௌராஸ்தா சந்தையைச் சுற்றியும், நகரின் பிற கடைவீதிகளிலும் உள்நாட்டுப் பொருளும் சீமைப் பொருளும் அடுத்தடுத்து விற்கப்படுவது துறைமுக நகரின் இயல்பு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தபோது இந்த ஒழுங்கு குலைந்தது. கப்பல்கள் நின்றதால் ஸ்னோ அரிதாயிற்று; அரிசியும் பங்கீட்டுக்கு உட்பட்டு, மரவள்ளிக்கிழங்கு வயிற்றை நிரப்பிய அக்காலத்தில், அரிசியை முகத்துக்காக ஊறவைப்பது எளிய செலவாக இருந்திருக்க முடியாது. மலிவு என்பது பொருளின் குணமன்று, சந்தையின் நிலை என்பதற்கு அந்த மூன்றரை ஆண்டுகள் சான்று.

போருக்குப் பின்னரும் இருவகைப் பூச்சுகளும் நீடித்தபோதிலும், உண்மையான திருப்பம் 1970களில் நேர்ந்தது. 1969இல் தீவு சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மை வாட்டிய நிலையில், 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் நிறுவப்பட்டது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அவ்வாண்டே பினாங்கில் தொடங்கியது. அந்த ஆலைகளில் பணிக்குச் சேர்ந்தோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களுடைய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலி என்று ஒன்று ஏற்பட்டபின், வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றிக் காத்திருக்க வேண்டிய பூச்சு, காசில்லாத பூச்சாகத் தோன்றவில்லை. கையில் சம்பளமும் குறைவான ஓய்வும் உடையவருக்குப் புட்டியில் கிடைப்பதே மலிவு. துகள் புகக்கூடாத தூய அறைகளில் பவுடரும் ஒப்பனையும் தடைசெய்யப்படுவது மின்னணு ஆலைகளின் பொது விதி என்பதால், அழகுப்பொருளை வாங்கும் வசதியைத் தந்த வேலையே, பணி நேரத்தில் அதனைப் பூசுவதற்கு இடம் தரவில்லை.

மூன்றாவது பொருளான சிலிக்கோன், மணலில் உள்ள சிலிக்கன் தனிமத்திலிருந்து செயற்கையாகச் செய்யப்படுவது. 1950களிலிருந்தே அழகுப்பொருள்களில் அது இடம்பெற்று வருகிறது. திரைப்பட ஒப்பனையில் பெயர்பெற்ற மாக்ஸ் ஃபாக்டரின் கொள்ளுப்பேரர்கள் இருவர் 1996இல் தொடங்கிய ஸ்மாஷ்பாக்ஸ் நிறுவனம், படப்பிடிப்புக் கூடத்தின் கூரிய விளக்குக்காக அமைத்த போட்டோ ஃபினிஷ் என்னும் அடிப்பூச்சு இவ்வகையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. பின்னர் மேபலின் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் குறைந்த விலையில் அதே வகைப் பூச்சை வெளியிட்டன. டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன் எண்ணெயும், அதனோடு தொடர்புடைய வலைப்பின்னல் பொருள்களும் துளைகளை நிரப்பி வழுக்கலான ஏட்டை அமைக்கின்றன. அது நிறமற்றதாகையால் எந்தத் தோலிலும் வெள்ளைப் படிவு காட்டாது. வியர்வைக்கும் எளிதில் கரையாது. ஆனால் எண்ணெயை அரிசிமாவைப் போல் உறிஞ்சுவதும் இல்லை. வெறும் தண்ணீரில் நீங்குவதும் இல்லை.

சீவக சிந்தாமணிக் காப்பியத்தில் குணமாலையும் சுரமஞ்சரியும் யாருடைய சுண்ணம், அதாவது மணப்பொடி, சிறந்தது என்று போட்டியிட, வண்டுகள் எதனை நாடுகின்றன என்பதைக் கொண்டு சீவகன் தீர்ப்பளித்தான். இன்று வாங்குவோருக்குச் சான்றாக நிற்பது உறையில் அச்சிட்ட மூலப்பொருள் பட்டியல். ஆசியான் நாடுகள் 2003இல் ஒப்புக்கொண்டு, மலேசியாவில் 2008 முதல் நடைமுறைக்கு வந்த அழகுப்பொருள் விதிகளின்படி, எடையில் மிகுந்தது முதலில் வருமாறு அப்பட்டியல் அமைய வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். விலை குறைந்த பிரைமரையும் விலை மிகுந்ததையும் அருகருகே வைத்து முதல் நான்கைந்து பெயர்களைப் படிப்பவர், பல நேரங்களில் இரண்டிலும் ஒரே சிலிக்கோன்களைக் காணலாம். மணம், புட்டி, விளம்பரம் ஆகியவற்றுக்கான செலவு அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அதே வேளையில், பாதரசம் கலந்த வெண்மைக் களிம்புகளை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவ்வப்போது பெயர் குறிப்பிட்டுத் தடைசெய்து வருவது, மலிவின் விலையை உடலே செலுத்த நேரிடலாம் என்பதையும் நினைவூட்டுகிறது.

நுண்நெகிழித் துகள்களுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி வகுத்தபின், ஒப்பனைப் பொருள்களில் நைலான் மணிகளுக்கு மாற்றாக அரிசி மாவுச்சத்து மீண்டும் கவனம் பெற்றிருக்கிறது. பெடாக் செஜுக்கும் மறையவில்லை. சிறு உற்பத்தியாளர்கள் அதனைப் பொதியிட்டு விற்கின்றனர். நோன்யா வீட்டின் கொல்லைப்புறத்தில் கணக்கில் வராமல் நடந்த வாரக்கணக்கான ஊறலுக்கும், அரைப்புக்கும், வெயிலில் காயவைத்தலுக்கும் இன்று கூலி சேர்கிறது. அந்தப் பொதியின் விலையைப் பிரைமரின் விலையோடு ஒப்பிடுவோர் இரண்டு மாவுகளையோ களிம்புகளையோ ஒப்பிடுவதில்லை; முன்பு பெண்கள் காசின்றி அளித்த நேரத்தையும், இப்போது ஆலைகள் காசுக்கு விற்கும் நேரத்தையுமே ஒப்பிடுகின்றனர்.