தாங்கும் தரையும் திருகும் சக்கரமும்: விமானத்தளத் திருப்ப விசைகளின் வரலாறு

விமானத்தளத்தின் வலிமையைப் பற்றிய பேச்சு, அது எத்தனை டன் தாங்கும் என்ற கேள்வியில்தான் தொடங்கும். தளக் கணக்குகளும் அந்தக் கேள்வியிலிருந்தே வளர்ந்தன. ஆனால் தரையில் விமானம் நேராக மட்டும் ஓடுவதில்லை. எடையைப் பரப்பக் கூட்டிய சக்கரங்களே திருப்பத்தில் தளத்தைத் திருகத் தொடங்கின. அதற்கான பெரிய தீர்வுகள் விமானத்தின் கால்களில்தான் பிறந்தன. இந்த வரலாற்றையே இக்கட்டுரை ஆராய்கிறது.

எடையின் காலம்

கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் ஓ. ஜே. போர்ட்டர் உருவாக்கிய சி.பி.ஆர். முறையை, 1942-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை விமானத்தளங்களுக்கு எடுத்துக்கொண்டது. மண்ணின் தாங்குதிறனை அளந்து, அதன்மேல் எவ்வளவு கனத்துக்குத் தளம் போட வேண்டும் என்று முடிவுசெய்யும் முறை அது.

1946-இல் பறந்த எக்ஸ்பி-36 குண்டுவீச்சு விமானத்துக்குப் பக்கத்துக்கு ஒரே பிரதான சக்கரம். விட்டம் 110 அங்குலம், ஆள் உயரத்தையும் மிஞ்சியது. அந்த ஒற்றைச் சக்கரம் தரும் அழுத்தத்தைத் தாங்கும் ஓடுதளங்கள் அமெரிக்காவில் மூன்றே இருந்தன. அடுத்து வந்த பி-36 விமானங்களில் பக்கத்துக்கு இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்று மாற்றினார்கள். எடை பரவியது, தளம் பிழைத்தது.

திருப்பத்தில் நடப்பது

முன்பின்னாக உள்ள அச்சுகள் ஒரே சட்டத்தில் இறுகியிருந்தால், அவை எல்லாம் வளைவின் மையத்தை ஒருசேர நோக்க முடியாது. முன் டயர்கள் ஒரு பக்கமும் பின் டயர்கள் எதிர்ப்பக்கமும் தேய்ந்து இழுபடும். இதோடு மையவிலக்கு விளைவும் சேரும்: 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18.5 கி.மீ. வேகத்தில் திரும்பும் 300 டன் விமானத்தின் பக்கவாட்டு விசை, எடையில் சுமார் 9 விழுக்காடு, அதாவது 27 டன் எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் பாரமும் கூடும்.

வெயிலில் இளகிய தார்த்தளத்தில் இதன் தடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலடுக்கு கீழடுக்கோடு சரியாக ஒட்டாத இடத்தில் அது வழுக்கி, பிறைநிலா வடிவில் வெடிக்கும். அடியில் மண் உறுதியாகவே இருந்தாலும் இது நேரும்.

விமானத்தின் விடை

1969-இல் பறந்த போயிங் 747-க்குப் பிரதான சக்கரங்கள் 16. மூக்குச் சக்கரம் 20 பாகைக்கு மேல் திரும்பும்போது, உடற்பகுதியின் கீழுள்ள இரண்டு சக்கரத் தொகுதிகளும் எதிர்த்திசையில் 13 பாகை வரை திரும்பிக்கொடுக்கும். 1994-இல் வந்த போயிங் 777-இன் ஆறு சக்கரத் தொகுதியில் கடைசி அச்சு மட்டும் திரும்பும். 2005-இல் பறந்த ஏ380-இன் உடற்பகுதித் தொகுதிகளிலும் இதே ஏற்பாடு உண்டு.

தளமதிப்பீட்டு முறைகளோ எடையின் வழியிலேயே நடந்தன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1981-இல் கொண்டுவந்த ஏசிஎன்-பிசிஎன் முறை, சக்கரத்தின் செங்குத்துப் பாரத்தையே அடிப்படையாகக் கொண்டது. 2024-இல் அதன் இடத்துக்கு வந்த ஏசிஆர்-பிசிஆர் முறை அடுக்குகளின் நடத்தையை நுட்பமாகக் கணித்தாலும், அதுவும் பாரத்தின் கணக்குத்தான்.

முடிவுரை

ஆகவே இம்முறைகளின்படி விமானத்தின் மதிப்பெண் தளத்தின் மதிப்பெண்ணோடு பொருந்திவிட்டது என்பதற்காகத் திருப்பமும் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. அடுக்குகளுக்கு இடையே பூசும் மெல்லிய தார்ப்பூச்சு, வளைவின் ஆரம், விமானியின் வேகக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் தளத்தின் கனத்துக்கு இணையான அக்கறையோடு கவனிக்க வேண்டும். தளத்தின் ஆயுள் திருப்பங்களில் இந்த மூன்றையும் நம்பியே இருக்கிறது.