கைக்கருவிக்கு உருக்கு வந்த கதை



அறுவடை முடிந்த கையோடு வீட்டு வேலையைக் கவனிக்கிறோம். கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், தொழுவத்துக்குக் கால் நட வேண்டும், இறங்கிப்போன கதவைச் சரிசெய்ய வேண்டும். சந்தைக்குப் போய் ஒரு கோடாலி, ஓர் உளி, ஒரு சுத்தியல் என்று வாங்கி வருகிறோம். பளபளப்பையும் விலையையும் பார்த்தால் போதுமா? வாய் எப்படிப்பட்ட இரும்பு, தலை எப்படிப்பட்ட இரும்பு என்று பார்க்க வேண்டாமா? இது விளங்க வேண்டுமானால், இரும்பு உருக்கான கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இரும்பு நமக்கு நேற்று வந்த சரக்கல்ல. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டியபோது, தாழிகளோடு இரும்புச் சாமான்கள் ஏராளமாகக் கிடைத்தன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980-களில் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன.

ஆனால் கரியையும் இரும்புக் கல்லையும் போட்டுத் துருத்தி ஊதினால் கிடைப்பது மிருதுவான இரும்புதான். அது வளையும், எளிதில் உடையாது. கூர் மட்டும் நிற்காது. இரண்டு வெட்டு வெட்டினால் வாய் மடங்கிவிடும். அதிலே சிறிதளவு கார்பன், அதாவது கரிச்சத்து, ஏறினால்தான் உருக்கு.

அதை எப்படி ஏற்றினார்கள் என்பதுதான் ருசியான செய்தி. 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர், நம் பக்கத்துக் கொல்லர்கள் செய்ததைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். தட்டார் பொன் உருக்க வைத்திருக்கிறாரே, அதுபோன்ற மண் மூசை. அதில் ஏறக்குறைய ஒரு பவுண்டு இரும்புத் துண்டு. கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயை மண்ணால் பூசி அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். உள்ளே காற்று புகாததால் குச்சியும் இலையும் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி, அந்தக் கரிச்சத்து இரும்பில் ஏறிவிடுகிறது. வேலியோரத்தில் நாம் வெட்டி எறிகிற எருக்குதான், பாருங்கள்!

இந்த உருக்கின் சூட்சுமத்தை அறிய லண்டனில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அங்குள்ள ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். 1819-இல் மைக்கேல் ஃபாரடே இதைப் பகுத்துப் பார்த்தார். மின்சார ஆராய்ச்சியில் பெயர் பெற்ற அதே ஃபாரடேதான். அவரும் ஒரு கொல்லர் மகன்.

மூசைக்கு ஒரு பவுண்டு என்றால் உருக்கு எவ்வளவு அருமையான பொருள்! முழுக் கோடாலியும் அதில் செய்யக் கட்டுமா? ஆகவே உடம்புக்கு மிருதுவான இரும்பு, வாய்க்கு மட்டும் உருக்கு என்று வைத்துத் தட்டும் வழக்கம் இருந்தது. இது சிக்கனம் மட்டுமல்ல. காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த உருக்கு கண்ணாடி மாதிரி. கடினமாக இருக்கும், ஆனால் தெறிக்கும். அதனால்தான் தோய்த்தபின் மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துவார்கள். இன்று ஆலையில் முழுக்க உருக்காலேயே செய்து வந்தாலும், நல்ல உளியில் வாய் கடினமாகவும் தலை மிருதுவாகவும் இருக்கும். வாங்கும்போது ஒரு சின்ன அரத்தைக் கொண்டு போங்கள். உளியின் வாயில் அரம் வழுக்க வேண்டும், தலையில் பிடிக்க வேண்டும். வாயிலும் சுலபமாகப் பிடித்தால் அந்த உளி வேண்டாம்.

டவுனில் மோட்டார் சாணை பிடிக்கிறார்களே, அங்கே ஜாக்கிரதை. தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிக்க வேண்டும். வாய் நீலம் பாரித்துவிட்டால் தோய்ச்சல் போய்விட்டது. கொல்லரிடம் கொடுத்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

காம்புக்குக் கருவேலம் நல்லது. நார் நீளவாட்டில் ஓட வேண்டும். “தலை ஆடுதுங்க, ராத்திரி தண்ணியில ஊறப்போட்டா இறுகிடும்” என்பார்கள். இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். காம்பைக் கழற்றிச் செதுக்கி ஆப்பு அடிப்பதுதான் வழி.

உளித்தலை அடி வாங்கி வாங்கிக் காளான் போல் விரிந்திருந்தால், அந்த ஓரத்தை அராவி எடுத்துவிடுங்கள். சுத்தியலைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். இரண்டின் முகமும் கடினப்படுத்தியவை. நான் பணிபுரிந்த ஒரு வட்டாரத்தில், இப்படித் தெறித்த சிறு துணுக்கால் ஒருவருக்கு ஒரு கண்ணே போயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டியை நாக்கால் துழாவச் சொல்லி இரண்டு நாள் கடத்திவிட்டார்கள். கண்ணுக்குள் தங்கிய இரும்பு துருப்பிடித்துப் பார்வையைக் கெடுக்கும். கசக்காமல், கழுவித் தேய்க்காமல், கண்ணின் மேல் அழுத்தாதபடி ஒரு சிரட்டையோ கிண்ணமோ கவிழ்த்துக் கட்டி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தெறித்தது இரும்பு என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.