இழந்தவர்கள் கொடுத்த கணக்கு

அமெரிக்க விடுதலைப் போர் 1783இல் முடிந்தபோது, பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்ற பல்லாயிரம் குடியேற்றவாசிகள் வீடும் நிலமும் இழந்து வெளியேறியிருந்தனர். அவர்களுக்கு ஈடு வழங்குவதற்காக அவ்வாண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஓர் ஆணையத்தை அமைத்தது. அதனிடம் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏ.ஓ. 12, ஏ.ஓ. 13 ஆகிய வரிசைகளில் உள்ளன. 'ஏ.ஓ.' என்பது கணக்குத் தணிக்கை அலுவலகம். அமெரிக்க வரலாற்றைத் தேடிச் செல்பவர் முதலில் புகும் இடமன்று அது.

ஆயினும் அன்றைய அமெரிக்க இல்லங்களின் உட்புறத்தை இவ்வளவு நெருங்கிக் காட்டும் ஆவணங்கள் அரிது. ஈடு பெற வேண்டுமாயின் இழந்தவற்றைப் பட்டியலிட்டு, சாட்சிகளையும் நிறுத்த வேண்டும். நிலம், கால்நடை, கட்டில், பாத்திரம் என நீளும் பட்டியல்களில் அடிமை மனிதர்களும் விலையிடப்பட்டு நிற்கின்றனர்.

மேரி பெத் நார்ட்டன் 1976இல் வெளியிட்ட கட்டுரையில், பெண்கள் 468 பேரின் மனுக்களை ஆராய்ந்தார். கணவரின் நிலமதிப்பையும் கடன்களையும் சொல்ல இயலாத பலர், வீட்டுப் பொருள்களை நுணுக்கமாக விவரித்திருந்தனர். குடும்பத்துக்குள் அறிவு எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். ஆனால் ஆணையம் கேட்டது சொத்தின் விலையை மட்டுமே. அப்பெண்களின் உழைப்பைப் பற்றி அது கேட்கவில்லை. ஆகவே அது பெரும்பாலும் பதிவாகவுமில்லை.

கறுப்பின மனுதாரர்களுக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. விடுதலை கிடைத்ததே போதுமான ஆதாயம் என்ற நோக்கில் அவர்களுள் பெரும்பாலோரின் கோரிக்கைகளை ஆணையர்கள் தள்ளிவிட்டனர். அம்மக்களைக் காண அதே காப்பகத்திலுள்ள தளபதி கை கார்ல்டனின் தாள்களுக்குச் செல்ல வேண்டும். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கறுப்பின மக்களின் பெயர், வயது, முன்னாள் உடைமையாளர் முதலியன அங்குள்ள பதிவேட்டில் உள்ளன. அவர்களுள் ஒருவர் 43 வயதான ஹாரி வாஷிங்டன்; ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பியவர்.

அப்பதிவேடு விடுதலையைக் கொண்டாட எழுதப்பட்டதன்று. அடிமைகளைத் திருப்பித் தருமாறு அமெரிக்கத் தரப்பு கோரியது. கார்ல்டன் மறுத்தார், பின்னாளில் உடைமையாளர்களுக்கு ஈடு தர நேர்ந்தால் உதவுமென்று பெயர்களைக் குறித்துவைத்தார். ஆக, இதுவும் ஒரு சொத்துக் கணக்குதான். அதில் வரவாகவோ செலவாகவோ எழுதப்பட்ட ஹாரி, நோவா ஸ்கோஷியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1792இல் சியரா லியோனுக்குக் கடல் கடந்தார்.