புரூக்ளின் தனிப்பயிற்சியும் எஸ்.ஏ.டி. தேர்வும்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் பள்ளி மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பயிற்சி வகுப்பும் மாதிரி வினாத்தாளும் இன்று இயல்பாகிவிட்டன. ஆயினும் அத்தேர்வை நடத்தியவர்கள், அதற்கெனத் தனியே படிப்பதால் பயன் இல்லை என்பதையே அதன் சிறப்பாக நெடுங்காலம் எடுத்துரைத்து வந்தனர்.

1900இல் அமைக்கப்பட்ட கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அடுத்த ஆண்டு முதல் நடத்திய தேர்வுகள் இலத்தீன், கிரேக்கம், கணிதம், வரலாறு ஆகிய பாடங்களில் விரிவான விடைகளைக் கேட்டதால், அப்பாடங்களை ஊன்றிக் கற்பித்த வசதியான தனியார் பள்ளிகளின் பிள்ளைகளுக்கே அவை ஏற்றவையாக இருந்தன. முதல் உலகப் போரின்போது படைவீரர்களைத் தரம்பிரிக்க உளவியலாளர்கள் பயன்படுத்திய 'ஆர்மி ஆல்ஃபா' என்னும் நுண்ணறிவுத் தேர்வைத் தழுவி, பிரின்ஸ்டன் பேராசிரியர் கார்ல் பிரிகம் வகுத்த எஸ்.ஏ.டி. என்னும் புதிய தேர்வை 1926 ஜூன் 23 அன்று எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். எதிர்ச்சொல், எண்தொடர், இரு சொற்களுக்கிடையே உள்ள உறவை வேறிரு சொற்களில் கண்டறியும் ஒப்புமை வினா ஆகியவற்றோடு, புனைந்துருவாக்கிய ஒரு மொழியின் சொற்களையும் விதிகளையும் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லும் பகுதியும் அதில் இருந்தது. பாடம் படித்ததை அன்றிப் பிறவியிலேயே அமைந்த அறிவாற்றலை அளப்பதே நோக்கம். இனங்களுக்கிடையே அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டு என்று 1923இல் நூல் எழுதிய பிரிகம், 1930இல் அக்கருத்தைத் தாமே வெளிப்படையாகக் கைவிட்டார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆனால் பிறவி ஆற்றலை அளக்கும் தேர்வு என்ற எண்ணம் அவரையும் கடந்து நிலைத்தது.

அந்த எண்ணத்தை அசைத்தவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த ஸ்டான்லி கப்லான். யூதக் குடும்பத்தில் பிறந்து, கட்டணமில்லாத நகரக் கல்லூரியில் சிறப்பாகத் தேறியும், விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1938இல் பெற்றோர் வீட்டில் தனிப்பயிற்சியைத் தொடங்கியிருந்த அவர், 1940களின் நடுவில் ஒரு மாணவிக்கு உதவும்பொருட்டு எஸ்.ஏ.டி. தேர்வை முதன்முதலாக ஆராய்ந்தபோது, குடும்பப் பெயரும் படித்த பள்ளியின் பெயரும் இல்லாதவர்களுக்குத் தகுதியை நிறுவ அது ஒரு வாயில் என்று கண்டார். வினாக்கள் மறைவாகக் காக்கப்பட்ட காலமாதலால், தேர்வு முடிந்ததும் மாணவர்களுக்கு விருந்து வைத்து, நினைவில் நின்ற வினாக்களைச் சொல்லக் கேட்டுப் பாடங்களை வகுத்தார். சொல்வளமும் கணக்கை அணுகும் முறையும் பழக்கத்தால் வளரும் என்ற அவரது நம்பிக்கை எளிமையானது, அதுவே சரியானதும்கூட.

வாரியமும், 1947இல் நிறுவப்பட்டுத் தேர்வை நடத்தும் பொறுப்பேற்ற கல்வித் தேர்வுப் பணி நிறுவனமும் இதை ஏற்கவில்லை. இந்த மறுப்பால் பெரிதும் இழந்தவர்கள், அதை உண்மையென நம்பி ஆயத்தமின்றித் தேர்வெழுதிய ஏழை மாணவர்களே. வசதியுள்ள பெற்றோர் அதைப் பொருட்படுத்தாமல் பயிற்சிக்குப் பணம் செலுத்தினர். வணிக முறைகேடுகளை விசாரிக்கும் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் ஆய்வாளர்கள், பயிற்சி பெற்ற சில மாணவர்கள் மொழி, கணிதம் ஆகிய இரு பகுதிகளிலும் சுமார் 25 மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதாக 1979இல் வெளியிட்டனர். ஒவ்வொரு பகுதியும் 200 முதல் 800 வரை மதிப்பிடப்படும் தேர்வில் இது பெரிய தொகையன்று. எனினும் பயிற்சியே பயனற்றது என்ற கூற்றை மறுக்க அது போதுமானதாயிற்று. அதே ஆண்டில் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டத்தால் மாணவர்கள் வினாக்களையும் சரியான விடைகளையும் கேட்டுப் பெறும் உரிமை அடைந்தனர். வாரியமும் பழைய வினாத்தாள்களை நூலாக வெளியிட முன்வந்தது.

1981இல் தோன்றிய பிரின்ஸ்டன் ரெவ்யூ முதலிய போட்டி நிறுவனங்களால் பயிற்சி பெருவணிகமாக வளர்ந்தது. கப்லான் தம் நிறுவனத்தை 1984இல் வாஷிங்டன் போஸ்ட் நிறுவனத்துக்கு விற்றார். பயிற்சியால் எளிதில் வசப்படுபவை என்று விமர்சிக்கப்பட்ட ஒப்புமை வினாக்கள் 2005இல் நீக்கப்பட்டன. 2015இல் கான் அகாடமியுடன் சேர்ந்து இணையவழிப் பயிற்சியை வாரியமே எவருக்கும் கட்டணமின்றி அளிக்கத் தொடங்கியது. ஆயினும் மாணவரின் பிழைகளை அருகிருந்து திருத்தும் தனி ஆசிரியரை அமர்த்தும் வசதி பணமுள்ள குடும்பங்களுக்கே இன்றும் எட்டுகிறது.