நார்வேயில் மின்சாரக் கார்: அன்றாடப் பயன்பாடு

பெட்ரோல் காரையும் மின்சாரக் காரையும் அன்றாட வாழ்க்கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க நார்வேயைவிடப் பொருத்தமான நாடு இல்லை. 2024இல் அங்கு விற்பனையான புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பதிவிலுள்ள மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களை முந்தியது. கடுங்குளிர், மலைப்பாதை, உப்புத் தூவிய சாலை என வண்டியைச் சோதிக்கும் எல்லாமே அங்கு இருப்பதால், இரு வகைக் கார்களின் நிறைகுறைகளும் தெளிவாகத் தெரிகின்றன.

பின்னணி

1989இல் 'அ-ஹா' இசைக்குழுவின் மோர்டன் ஹார்கெட், மக்னே ஃபூருஹோல்மன் ஆகியோரும் சூழலியலாளர் ஃபிரெடரிக் ஹௌகேயும், மின்சாரத்தில் ஓடுமாறு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டா காரைச் சுங்கக் கட்டணம் செலுத்தாமலே ஓட்டினர். அதிகாரிகள் காரைப் பறிமுதல் செய்ய, விஷயம் நாடெங்கும் பேசப்பட்டது. 1990இல் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. 1997இல் சுங்கக் கட்டணமும், 2001இல் 25 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் விலக்கப்பட்டன. மின்சாரக் கார் பெருகியதும் சலுகைகள் குறைந்தன. 2023இல், விலையில் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு மதிப்புக் கூட்டு வரி மீண்டும் விதிக்கப்பட்டது.

சார்ஜ் போடுதல்

பெட்ரோல் காருக்கு எரிபொருளைத் தேடிப் போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். மின்சாரக் கார் நிற்கும் நேரத்திலேயே நிரம்புகிறது. சாதாரண வீட்டு பிளக்கில் பத்து மணி நேரம் போட்டால் சுமார் 20 யூனிட் ஏறும். நல்ல வானிலையில் 100 கிலோமீட்டர் ஓட அது போதும். சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர் இருந்தால், பெரும்பாலான கார்களின் பேட்டரி ஓரிரவில் நிரம்பிவிடும். மின்கட்டணம் மணிக்கு மணி மாறுவதால், விலை இறங்கும் நேரத்தில் தானாக ஏறும்படி பலர் அமைத்து வைக்கிறார்கள். மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது.

நெடும்பயணத்தில் நிலைமை வேறு. விரைவு சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏறப் பொதுவாக 20 முதல் 40 நிமிடம் ஆகும். அதற்கு மேல் வேகம் குறையும். வீட்டைவிட விலையும் அதிகம். ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குப் போகும் கூட்டம் சார்ஜர் முன் வரிசையில் நிற்கிறது. இழுவை வண்டி கட்டியவர்கள் பல இடங்களில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சார்ஜ் போட முடிகிறது.

குளிர்காலம்

பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது; குளிர்காலத்தில் அந்த வீண் வெப்பமே காரின் உட்புறத்தைச் சூடாக்குகிறது. மின்சார மோட்டாரில் அவ்வளவு வீணாவதில்லை. அதனால் ஹீட்டருக்கும் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டியிருக்கிறது. நார்வே வாகன ஓட்டிகள் சங்கம் 2020இல் நடத்திய குளிர்காலச் சோதனையில், கார்கள் ஓடிய தூரம் அறிவிக்கப்பட்டதைவிடச் சராசரியாக 18.5 சதவீதம் குறைந்தது. குளிர்ந்த பேட்டரியில் சார்ஜும் மெதுவாகவே ஏறும்.

ஆனால் உறைபனிக் காலையில் மின்சாரக் காருக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. பிளக் மாட்டியபடியே, புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன் கைப்பேசியில் ஹீட்டரைப் போட்டுவிடலாம். வெளியே வரும்போது கண்ணாடியில் பனி உருகியிருக்கும். இருக்கை கதகதப்பாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுரண்டியால் கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது இவர் கிளம்பிவிடலாம்.

பராமரிப்பு

எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச், புகைக்குழாய் எதுவும் மின்சாரக் காரில் இல்லை. டயர், பிரேக் திரவம், காற்று வடிகட்டி, 12 வோல்ட் பேட்டரி ஆகியவற்றைக் கவனித்தால் போதும். எடை அதிகம் என்பதால் டயர் சீக்கிரம் தேயக்கூடும்.

எதிர்பாராத தொல்லை பிரேக்கில் வருகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால், பிரேக் வட்டுகளுக்கு வேலை குறைவு. பெட்ரோல் காரில் உரசி உரசித் தேயும் அதே வட்டு, இங்கே சாலை உப்பில் துருவேறிப் பழுதாகிறது. அவ்வப்போது பிரேக்கை அழுத்தி மிதித்து ஓட்டுவதே இதற்கு எளிய கைவைத்தியம்.

நிறுத்துமிடம்

இரு கார்களின் அனுபவத்தையும் பிரிக்கும் பெரிய காரணம் பேட்டரியின் அளவைவிட, கார் இரவில் நிற்கும் இடம்தான். சொந்தக் கொட்டகையில் பிளக் உள்ளவருக்குத் தினமும் நிறைந்த பேட்டரி. தெருவோரம் நிறுத்துபவருக்கு விலை கூடிய பொது சார்ஜர். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க, அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சார்ஜர் பொருத்தக் கேட்டால் கட்டட நிர்வாகம் தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது என்று நார்வே சட்டம் செய்திருக்கிறது. வரிச்சலுகை மக்களைக் கார் வாங்க வைத்தது. வாங்கிய கார் வாழ்க்கையோடு ஒட்டிக்கொள்ள, வீட்டு வாசலில் ஒரு பிளக் வேண்டியிருக்கிறது.